அண்ணனின் கையில் இருந்த வெள்ளை மொச்சை

உறவினர்களே, நண்பர்களே, அண்ணனிடம் படித்த தந்தையரே,

அண்ணனின் ஓராண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட மலரில் பிறந்தது, படித்தது, பணியாற்றியது, இறந்தது என்று வரிசையாக எழுதிக் கும்பிட்டு முடிப்பது வழக்கம். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். என்னால் முடியவில்லை. ஓர் ஆண்டு ஆகியும் எனக்கு அதிர்ச்சி தெளியவில்லை. அண்ணன் போனது ஓர் அதிர்ச்சி. போன பிறகு அவரைப் பற்றி எனக்குத் தெரியவந்தது இன்னொன்று. இரண்டையும் சொல்லிவிடுகிறேன். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அரியலூருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊரில் அண்ணன் பிறந்தார். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பாவின் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். பாறைக்குள் கிடைக்கும், கல்லாகிப்போன கிளிஞ்சல்களை அண்ணன் விளையாடுவதற்காக அப்பா கொண்டுவருவார். பிற்காலத்தில் அண்ணன் தொடக்கநூல் பாடம் நடத்தும்போது அதில் ஒன்றை மேசை மேல் வைத்து, "இது கடல்ல கெடந்தது. அரியலூருக்கு எப்படிய்யா வந்துச்சு? யோசிச்சுட்டு வாங்க, அப்புறம் உலகத்தப் படைச்ச கதையப் பேசலாம்" என்று மாணவர்களைச் சீண்டுவாராம். அவர்களே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் குருமடத்துக்குப் போனார். அம்மா பேருந்து நிலையம் வரை வந்து அழுதார்கள். குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து பெற்ற மகனையே அம்மா "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணனுக்கு அது பிடிக்காது. "ஏம்மா, என்னை யாருக்காவது தத்துக் குடுத்துட்டீங்களா, பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டீங்களா?" என்று கேட்பார். அம்மா வாயைப் பொத்திக்கொள்வார்களே தவிர மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் மறைமாவட்ட ஆயர் அவரை மேற்படிப்புக்காக ரோமைக்கு அனுப்பினார். அங்கே இருந்தபோதுதான் அப்பா இறந்தார். வர வழியில்லை. தொலைபேசியில் அழுத அண்ணனுக்கு இங்கிருந்து நான் ஆறுதல் சொன்னேன். திரும்பி வந்தவர் சில காலம் பாடாலூர்ப் பக்கம் பங்குத்தந்தையாக இருந்தார். வெங்காயம் விலை விழுந்தால் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டு ஜனங்களோடு களத்தில் போய் உட்கார்ந்துவிடுவார் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதன்பின் இறையியல் பீடத்தில் பாடம் நடத்த அழைத்தார்கள். கடைசி மூச்சு வரை அங்கேதான்.

அந்தப் பீடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் சிமென்ட் லாரிகள் கிளப்பும் புழுதிக்குள் மறைந்திருக்கும் ஓட்டுக் கட்டடம்தான் ஆரம்பம். வெளிநாட்டுத் தந்தையர் ஊர் ஊராய்ப் போய் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்களுக்காக அதைத் தொடங்கினார்கள். பிறகு குருக்களுக்கான பள்ளியாக வளர்ந்தது. பாடமெல்லாம் லத்தீன். லத்தீன் போய் ஆங்கிலம் வந்தது. ஆங்கிலத்தைத் தள்ளித் தமிழ் வருவதற்குள் இரண்டு பேராசிரியர்கள் கோபித்துக்கொண்டு மறைமாவட்டமே மாறிப் போனார்களாம். கடைசியில் பட்டம் வழங்கும் அதிகாரத்தை ரோமை கொடுத்தது. ஆயர்தான் அதற்கு வேந்தர். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் பீடாதிபதி. நிரந்தரப் பேராசிரியர்கள் எல்லோரும் சேர்ந்தது பேரவை. பாடத்திட்டமா, நியமனமா, சட்ட விதியில் திருத்தமா, எதுவானாலும் பேரவையில் வாக்கெடுத்துத்தான் ஆயரிடம் போகும்.

பீடாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அப்படியே. பேரவை மூன்று பெயர்களை எழுதி ஆயர் வழியாக ரோமைக்கு அனுப்பும். அவர்கள் ஒன்றை உறுதிசெய்வார்கள். முதல் பெயர்தான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் பெயர் மூன்றாவதாகப் போனது. "மூணாவது பேரு சும்மா எடத்த ரொப்பறதுக்கு, பாப்பா. கல்யாணத்துல கூட்டத்துக்கு நிக்கிற மாதிரி" என்று என்னிடம் சிரித்தார். வந்த உத்தரவில் அந்த மூன்றாவது பெயரே இருந்தது. சந்தோஷப்படுவதற்குப் பதிலாக, பிடிபட்டவர் போல முழித்துக்கொண்டு என் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் போட்டுக் கொடுத்த காபி ஆறிப்போயிற்று.

அந்தப் பேரவையில் வாக்களிக்கும் விதம் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. வெளிநாட்டுத் தந்தையர் தங்கள் ஊரில் வெள்ளையும் கறுப்புமாக அவரைக்கொட்டைகளை வைத்து வாக்களிப்பார்களாம். இங்கே அது வெள்ளை மொச்சையும் புளியங்கொட்டையுமாக ஆகிவிட்டது. மொச்சை என்றால் சம்மதம். புளியங்கொட்டை என்றால் மறுப்பு. ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொன்று கொடுப்பார்கள். கை நுழைய இடம் விட்டு வாயில் துணி கட்டிய இரண்டு மண்கலயங்கள் இருக்கும். முதல் கலயத்தில் போடுவதுதான் வாக்கு. கையில் மிஞ்சியதை இரண்டாவது கலயத்தில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. பீடாதிபதி கடைசியாகப் போடுவார். வாக்கு முடியும் வரை அவர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பேசக் கூடாது என்பதும் வழக்கம். "திருத்தந்தையத் தேர்ந்தெடுத்தா புகை விடுவாங்க. நாங்க தேர்ந்தெடுத்தா கொழம்பு வைக்கலாம்" என்று அண்ணன் கேலி செய்வார். அதனால் எனக்கு இந்த முறை நன்றாகத் தெரியும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பீடாதிபதியான பிறகு செய்த முதல் காரியம், குருவோ கன்னியரோ அல்லாத பொதுநிலையினருக்கு மாலை நேர இறையியல் வகுப்பு தொடங்கியது. நான் அரியலூரில் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பள்ளி விட்டதும் பேருந்து ஏறி அந்த வகுப்புக்குப் போய்வந்தேன். அங்கே பழைய ஏற்பாடு நடத்தியவர் ஓர் அருள்சகோதரி. பெரம்பலூர் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர். எபிரேய மொழியில் முனைவர் பட்டம் வாங்கியவர். வலமிருந்து இடமாக எழுதும் அந்த எழுத்துகளை, கோலம் போடச் சொல்லிக்கொடுப்பது போல எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். குருமட மாணவர்களுக்கும் அவர்தான் எபிரேயம். இன்று பங்குகளில் இருக்கும் எத்தனையோ தந்தையர் அவரிடம் படித்தவர்களே. ஆனாலும் பீடத்தின் ஏட்டில் அவர் வருகை ஆசிரியை. ஆண்டுதோறும் ஜூன் மாதம் அவரை மறுபடி அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் கேட்க நாதியில்லை.

அவரை நிரந்தரப் பேராசிரியர் ஆக்க வேண்டும் என்று அண்ணன் பல காலம் போராடினார். ஒருவழியாகப் பேரவையில் ஒரு தீர்மானம் தயாரானது. அதைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தவரும் அண்ணன்தான். கூட்டத்தன்று காலை எனக்குப் போன் செய்தார். "இன்னைக்கு சிஸ்டர் விஷயம் வருது, பாப்பா. வேண்டிக்க" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் பத்தாம் வகுப்பில் இருந்தபோது தலைமை ஆசிரியை வந்து என்னை வெளியே கூப்பிட்டார். "அண்ணனுக்கு ஒடம்பு முடியலையாம். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்களாம்" என்றார். கையில் சாக்பீஸோடு என் கணவரின் வண்டியில் ஏறினேன். வழியெல்லாம், "மயக்கமாத்தான் இருக்கும், சாப்புட்டிருக்க மாட்டாரு" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் தந்தையர் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே புரிந்துவிட்டது. புரிந்தும், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஒரு நர்ஸ் அண்ணனின் மூக்குக் கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் ஜெபமாலையையும் என்னிடம் கொடுத்தார். பிறகு, "இதையும் வச்சுக்கங்கம்மா. வலது கையில இறுக்கிப் புடிச்சிருந்தாரு. பிரிக்கவே முடியல" என்று ஒன்றை நீட்டினார். ஒரு வெள்ளை மொச்சை.

நான் உடைந்துபோனேன். சகோதரிக்குச் சம்மதம் சொல்லப் போனவர், அதைப் போடுவதற்குள் விழுந்துவிட்டாரே என்றுதான் நினைத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். அண்ணனின் உடல் எங்கள் ஊர்க் கோவிலிலும் பீடத்திலும் வைக்கப்பட்டிருந்தபோதும், அடக்கத் திருப்பலியில் ஆயர் பிரசங்கம் செய்தபோதும் அது என்னோடுதான் இருந்தது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது பேரவைச் செயலரான தந்தை என்னோடு நடந்து வந்தார். நல்ல மனிதர், அழுதுகொண்டிருந்தார். "எப்படி நடந்துச்சு ஃபாதர்? சொல்லுங்க, எனக்குத் தெரியணும்" என்றேன்.

"எல்லாரும் போட்டு முடிச்சோம், டீச்சர். கடைசியா அவரு எழுந்து வந்தாரு. மொதக் கலயத்துல போட்டாரு. டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. ரெண்டாவது கலயத்துக்குத் திரும்புனாரு. அப்படியே மேசையப் புடிச்சுக்கிட்டு சாஞ்சுட்டாரு."

"மொதக் கலயத்துல போட்டாரா? நல்லாப் பாத்தீங்களா?"

"பக்கத்துல நின்னவன் நான்தான. போட்டுட்டாரு. அந்தத் திருப்தியோடதான் போனாரு, டீச்சர்."

அவர் எனக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னார். எனக்கோ நடு ரோட்டில் கால் நின்றுவிட்டது. முதல் கலயத்தில் போட்டுவிட்டார். மிஞ்சியது கையில் இருந்தது. மிஞ்சியது வெள்ளை. கணக்கு வாத்தியாருக்கு இதைவிட எளிய கணக்கு உண்டா? அண்ணன் போட்டது புளியங்கொட்டை. சகோதரி வேண்டாம் என்று அண்ணன் வாக்களித்திருக்கிறார்.

அன்று முதல் எனக்கு அழுகை நின்றுபோனது. அதற்குப் பதில் கோபம் வந்தது. செத்துப்போன மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? அவர் படத்துக்கு மாலை போடக் கை வரவில்லை. ஊரெல்லாம் "பெண்களுக்காக நின்ற பீடாதிபதி" என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். மேடையில் ஒன்று பேசி, துணி மூடிய கலயத்துக்குள் வேறொன்று போடுகிறவரா என் அண்ணன்? என் கணவர்கூட, "வுடு, பெரியவங்க விஷயம். நமக்கு எதுக்கு?" என்றார். என்னால் விட முடியவில்லை.

இதற்கிடையில் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் பேரவை மறுபடி கூடியது. தலைமை தாங்கியவர் முடிவை அறிவிக்காமல் இறந்ததால் பழைய வாக்கெடுப்பு செல்லாது என்று தீர்மானித்தார்கள். கலயத்தை எண்ணிப் பார்க்காமலே கொட்டிவிட்டார்கள். "மறைந்த பீடாதிபதியின் கடைசி ஆசையை நிறைவேற்றுவோம்" என்று சொல்லிப் புதிதாக வாக்கெடுத்தார்கள். முதல் கலயத்தில் ஒரு புளியங்கொட்டைகூட இல்லையாம். பீடத்தின் வரலாற்றிலேயே அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்ததில்லை என்று செயலர் தந்தை போனில் நெகிழ்ந்து சொன்னார். நான் "சரிங்க ஃபாதர்" என்று வைத்துவிட்டேன். அண்ணன் எதிர்த்த தீர்மானத்தை அண்ணனின் பெயரைச் சொல்லியே நிறைவேற்றிவிட்டார்கள். இப்படியும் ஒன்று நடக்குமா?

மழைக்காலம் வரை பொறுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை பெரம்பலூருக்குப் பேருந்து ஏறி, மடத்துக்குப் போய்ச் சகோதரியின் முன்னால் அந்த மொச்சையை வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "சிஸ்டர், எங்கண்ணன் ஒங்களுக்கு எதிராத்தான் போட்டிருக்காரு. மன்னிச்சுருங்க" என்றேன்.

சகோதரி மொச்சையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எனக்குத் தெரியும், டீச்சர்" என்றார்.

"தெரியுமா?"

"அன்னைக்குக் காலையில பூசை முடிஞ்சதும் எங்கிட்டயே சொன்னாரு. 'நான் கறுப்புதான் போடப்போறேன். கோச்சுக்காதீங்க'ன்னாரு. நான் கோச்சுக்கிட்டேன். நல்லாக் கத்திட்டேன். அவருகிட்ட நான் கடைசியாப் பேசுனது அதுதான்."

பிறகுதான் அந்தத் தீர்மானத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குச் சொன்னார். நிரந்தரப் பேராசிரியர் பதவி உண்டு. ஆனால் பேரவையில் இடமோ வாக்கோ கிடையாது. அண்ணன் நிரலில் சேர்த்த பிறகு, தீர்மானம் பேரவையில் தப்பிப் பிழைக்க வேண்டும் என்பதற்காகச் சில தந்தையர் கடைசி நேரத்தில் சேர்த்த வரி அது. இதுவரை நிரந்தரப் பேராசிரியர் என்றாலே பேரவை உறுப்பினர்தான். இந்த ஒரு வரியால், வாக்கில்லாத பேராசிரியர் என்று புதிதாக ஒரு வகை உண்டாகிறது.

"'இது ஒங்களுக்குக் குடுக்குற நாற்காலி இல்ல சிஸ்டர். ஒங்களுக்கப்புறம் வர்ற அத்தன பொம்பளப் புள்ளைங்களுக்கும் போடுற வேலி. இத ஒரு தடவ சட்டமாக்கிட்டா, எடுக்க இன்னொரு தலைமுறை ஆகும். இன்னைக்குத் தோக்கட்டும். அடுத்த வருஷம் முழுசாக் கொண்டாரேன்'னாரு. எனக்கு அதெல்லாம் காதுல ஏறல, டீச்சர். 'ஒங்களுக்கு என்ன ஃபாதர், ஒங்களுக்கு வேலை இருக்கு. வருஷா வருஷம் ஜூன் மாசம் கூப்புடுவாங்களா மாட்டாங்களான்னு காத்துக் கெடக்குறவ நான்தான'ன்னு கேட்டேன். அவரு பேரவைக்குக் கெளம்பிப் போயிட்டாரு."

அவருக்குக் கண் கலங்கியது. அன்று காலை போனில் அண்ணன் குரல் ஏன் அப்படி இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சளி இல்லை. மாதக்கணக்கில் ஒரு நியாயஸ்தனை வஞ்சகன் என்று நினைத்து மனதுக்குள் ஏசியிருக்கிறேன். அதை எங்கே போய்ச் சொல்லி அழுவேன்?

"இத ஏன் சிஸ்டர் யாருகிட்டயும் சொல்லல?"

"எப்படிச் சொல்வேன்? சொன்னா, கெடச்சத வேண்டாம்னு தூக்கி எறியிற மாதிரி. சொல்லாம இருந்தா, அவரு பேர வித்துச் சாப்புடுற மாதிரி. இப்ப நான் பேராசிரியர். மணி அடிச்சா எல்லாரும் பேரவைக்குப் போவாங்க. நான் என் ரூமுல ஒக்காந்து பேப்பர் திருத்துவேன்."

"நான் எழுதட்டுமா? வருஷ மலர் போடுறோம்."

"எழுதுங்க. நான் சண்டை போட்டதையும் சேத்து எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணனைத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பீடத்து ஓட்டுநருக்கும், கடைசிவரை முயன்ற மருத்துவருக்கும், மூடிய விரல்களைப் பொறுமையாகப் பிரித்த நர்ஸுக்கும் நன்றி. அடக்கத்தன்று வந்த கூட்டம் முழுவதற்கும் சோறாக்கிப் போட்ட எங்கள் தெருப் பெண்களுக்கும், வெயிலில் பெட்டியைத் தூக்கி வந்த பாடாலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி. அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய ஆயர் அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

பேரவைத் தந்தையரே, உங்களுக்கும் நன்றி. என் அண்ணன் மீது உங்களுக்கு இருந்த அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அன்பில்தான் அவர் வேண்டாம் என்றதைச் செய்துவிட்டீர்கள். எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. துணி மூடிய கலயத்தில் எது யாருடையது என்று எண்ணினாலும் தெரியாது. அதனால்தான் நான் சொல்கிறேன். வாக்கின் ரகசியத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று என் மேல் கோபம் வந்தால் வரட்டும். அவர் கலயத்தில் போட்டது உங்களுடையது. அவர் கையில் இருந்ததை ஆஸ்பத்திரி எனக்குக் கொடுத்தது.

பீடத்தின் சட்ட விதிகளைத் திருத்தி ரோமைக்கு அனுப்பும் கூட்டம் விரைவில் வருகிறது என்று கேள்விப்படுகிறேன். அண்ணனின் பெயரைப் புதிய நூலகத்துக்கு வைக்கப் போவதாகவும் சொல்கிறார்கள். தயவுசெய்து நூலகத்துக்கு வேறு பெயர் வையுங்கள். அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை மணி அடிக்கும்போது சகோதரியின் அறைக் கதவைத் தட்டி, "வாங்க சிஸ்டர், நேரமாச்சு" என்று கூப்பிடுங்கள்.

அண்ணனுடைய தங்கை
அரியலூர்